மாடிக்காரம்மா இறங்கிய பதினொரு நிமிடம்

அந்தப் பட்டறையின் தரையிலிருந்து கிரேன் அறைக்கு நாற்பத்தாறு படிகள் உண்டு. படிகள் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அவை சுவரோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட ஏணியின் இரும்புக் கம்பிகள். நாள்தோறும் காலை ஏழரை மணிக்கு அவற்றில் ஏறும் பெண்ணைக் கீழே வேலை செய்யும் நாற்பது பேரும் மாடிக்காரம்மா என்றே அழைத்தார்கள். வாடகைக்கு மேல்தளத்தில் குடியிருப்பவரைச் சொல்வதுபோல யாரோ கேலியாகத் தொடங்கிய பெயர். இருபத்திரண்டு ஆண்டுகளில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று பதில் சொல்லக்கூடியவர்கள் அங்கே பலர் இருந்தார்கள்.

பெரிய மின்மோட்டார்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பட்டறை அது. மோட்டாரின் நடுவே சுழலும் ரோட்டரை வெளியே எடுப்பதும், வேலை முடிந்தபின் உள்ளே செலுத்துவதும் கிரேனின் பொறுப்பு. உள்ளே போகும்போது நான்கு பக்கமும் ஒரு விரல் அகலம்கூட இடைவெளி இருக்காது. ஓரிடத்தில் உரசினால் செப்புக் கம்பி சுற்றிய மூன்று வாரச் சுற்றுவேலை வீண். கூரைக்குக் கீழே கண்ணாடி அறையில் அமர்ந்து இரண்டு நெம்புகோல்களால் அந்த இரும்பு உருளையை உள்ளே செலுத்துவதில் மாடிக்காரம்மாவுக்கு இணையாக அங்கே எவரும் இல்லை. கீழிருந்து கையசைவால் வழிகாட்டுபவருக்குச் சைகைக்காரர் என்று பெயர். இருவரும் பதினாறு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தவர்கள். வேலை நேரத்தில் ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள் பேசியிருந்தால் அதிகம். மற்றதெல்லாம் அவருடைய விரல்கள் பேசும். அவளுடைய ஹாரன் பதில் சொல்லும்.

மேலே கழிப்பறை கிடையாது. ஆகவே அவள் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வீட்டில் அரை டம்ளர் தேநீர்; பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டின்போது ஒரு டம்ளர் தண்ணீர்; மாலை நாலரை மணிக்குச் சங்கு ஊதும்வரை வேறு ஒன்றும் இல்லை. கோடைக்காலத்தில் கூரைத் தகடு காயும்போது, கண்ணாடி அறையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதும் இல்லை. நா வறண்டால் உப்பு பிஸ்கட் ஒன்றை வாயில் ஊறவைப்பாள். அறையில் தண்ணீர்ப் புட்டி ஒன்று எப்போதும் இருந்தது. அது கண்ணாடியைத் துடைப்பதற்கு.

இந்த ஒழுங்குக்கு ஒரு காரணம் உண்டு. அவள் முதன்முதலில் மேலே ஏறிய நாளன்று, அப்போதைய ஃபோர்மேன் ஏணியடியில் நின்று இன்னொருவரிடம் சொன்னார்: “பொம்பளைய மேல ஏத்தினா மணிக்கொரு தரம் இறங்குவா. கீழ நாப்பது பேரு கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.” மூன்றாவது கம்பியில் கால் வைத்திருந்தவளின் காதில் அது விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மதியச் சங்கு ஊதும்வரை இறங்கவும் இல்லை. ஃபோர்மேன் மூன்றாண்டுகளில் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்த பதிலை மட்டும் அவள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்பதாம் வயதில் நடந்த ஆண்டு மருத்துவச் சோதனையில்தான் சிக்கல் தொடங்கியது. கிரேன் ஓட்டுபவருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். மேல் அளவு நூற்றைம்பது, கீழ் அளவு தொண்ணூற்றைந்து; இவற்றுக்கு மேல் இரத்த அழுத்தம் இருந்தால் சான்று இல்லை என்பது அந்தப் பட்டறையின் விதி. சான்று இல்லாதவர்களுக்குக் கருவி வைப்பறையில் வேலை தருவார்கள். அங்கே ஒரு முக்காலியும், கம்பி போட்ட சன்னலும், கருவி எடுத்தவர்கள் அடையாளமாகக் கொடுத்த, எண் பொறித்த வட்டத் தகடுகள் தொங்கும் பலகையும் இருந்தன. முக்காலியில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தால் கிரேன் தெரியும். வேறொருவர் ஓட்டும் கிரேன்.

செவிலியர் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் நூற்று எழுபதைத் தாண்டியது.

“மாடிப்படி ஏறி வேகமா வந்தீங்களா?”

“தினம் நாப்பத்தாறு ஏறுறேன் சிஸ்டர். உங்க பத்துப் படிக்கா எனக்கு மூச்சு வாங்கும்?”

வாரத்தில் இரண்டு நாள்கள் வரும் மருத்துவர் ஒல்லியான மனிதர். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். “தினம் காலையில ஒண்ணு. சிறுநீர் கொஞ்சம் அதிகமா போகும். அதுக்குப் பயப்பட வேண்டாம். மூணு வாரம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் அஞ்சு டன்னுக்கு மேல தூக்காதீங்க.”

பதினெட்டு டன் ரோட்டர் ஒன்று அப்போது பட்டறைச் சுவரோரம் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஐந்து வாரங்களில் அதை மோட்டாருக்குள் செலுத்த வேண்டும். அதற்குள் சான்று கிடைக்காவிட்டால் வேறு பட்டறையிலிருந்து ஓர் ஆளை வரவழைப்பார்கள். வந்தவர் அப்படியே தங்கிவிடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மாத்திரை வாங்கிய அன்றே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஐந்து மணி நேரம் மேலே இருக்க முடியாது. எனவே வேலை இல்லாத நாளில் மட்டும் விழுங்கினால் போதும். அவளுடைய கணக்குப்படி இது மருத்துவரை மீறுவது ஆகாது. மாத்திரையும் வேலையும் மோதாமல் பார்த்துக்கொள்வது அவ்வளவுதான்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் வேலையோடு வந்தது. ஒருநாள் காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

“ராத்திரி மூணு தடவ எழுந்திரிச்ச. பகல்ல சொட்டுத் தண்ணி குடிக்காதவளுக்கு ராத்திரி எங்கேருந்து வருது?”

“அதைத்தான் கேக்கணும்.”

“யாரை?”

“வர்றதையேதான்.”

“மாத்திரை போட்டியா?”

“போடுற அன்னிக்குப் போடுவேங்க. நீங்க லென்ஸைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க.”

மூன்று வாரம் கழித்து மீண்டும் சோதனை. அளவு நூற்று அறுபத்துநான்கு, நூறு. செவிலியர் அவள் கையில் சுற்றிய அளவுப் பட்டையைக் கழற்றாமலே கையை நீட்டினார்.

“மாத்திரை அட்டையைக் காட்டுங்க.”

அவள் காட்டினாள். இருபத்தொரு மாத்திரைகளில் பதினெட்டு அப்படியே இருந்தன.

“வாரத்துக்கு ஒண்ணா?”

“லீவு நாள்ல மட்டும்.”

“உங்களுக்கு லீவு சரி. உங்க ரத்தத்துக்கு யாரு லீவு குடுத்தது?”

மருத்துவர் பேனா மூடியை மேசையில் வைத்தார். “கடைசியா எப்ப சிறுநீர் கழிச்சீங்க?”

சோதனைக்கு வரும்போதெல்லாம் சிறுநீர் மாதிரியும் கொடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்காத அவளால் கேட்டவுடன் கொடுக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை, வெறும் புட்டியும் கையுமாக இதே அறையில் ஒரு மணி நேரம் உட்கார நேர்ந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். அன்றிலிருந்து சோதனை நாளில் விடியற்காலையிலிருந்தே அடக்கிவைத்துக்கொண்டு வருவது அவளுடைய வழக்கம்.

“காலையில அஞ்சரைக்கு. சாம்பிளுக்காகச் சேத்து வெச்சிருக்கேன்.”

“இப்ப மணி பத்தரை,” என்றார் செவிலியர். “அஞ்சு மணி நேரமா சேமிப்பா? எந்திரிங்க முதல்ல.”

அவள் போய்வந்தாள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்தபின் மறுபடியும் அளந்தார்கள். நூற்றைம்பத்துநான்கு, தொண்ணூற்றாறு.

“சிறுநீர்ப் பை நிறைஞ்சு இருந்தா நரம்பெல்லாம் விறைச்சுக்கிட்டு அளவைத் தூக்கிக் காட்டும். அந்தப் பத்து உங்க சேமிப்பு,” என்றார் மருத்துவர். “மிச்சம் நிஜம். இன்னும் கோட்டுக்கு மேலதான் இருக்கு. இப்ப உண்மையைச் சொல்லுங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?”

அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க சிறுநீரகத்துக்கு நீங்க கிரேன்ல இருக்கிறது தெரியாது,” என்றார் பிறகு. “வர்ற ரத்தம் குறைஞ்சா அது பஞ்சம் வந்துருச்சுன்னு நினைச்சுக்கும். உடனே மேலிடத்துக்கு ஆள் அனுப்பும்.”

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதினால் இப்படி அமையும். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் ஒரு சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. அது வேறொரு பொருளை உருவாக்கத் தூண்ட, அந்தப் பொருள் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல அமர்ந்திருக்கும் சுரப்பியிடம் உப்பை வெளியே விடாதே என்று உத்தரவும் போடுகிறது. உப்பு நின்றால் நீரும் நிற்கும். மூளையிலிருந்து வரும் மற்றொரு சுரப்பும் சிறுநீரைக் குறைத்து அடர்த்தியாக்குகிறது. இவை யாவும் ஆபத்தில் உடலைக் காக்க ஏற்பட்டவை. பஞ்சம் நீங்கினால் உத்தரவும் நீங்க வேண்டும். நாள்தோறும் பஞ்சத்தை அறிவித்தால் உத்தரவும் நாள்தோறும் நீடிக்கும்.

“அப்ப நான் தண்ணி குடிக்காததாலதான் பிரஷர் வந்துச்சா?”

“அப்படி ஒரே காரணத்தைக் கையைக் காட்டிச் சொல்லமாட்டேன். வயசு இருக்கு, உப்பு பிஸ்கட் இருக்கு, குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கும். ஆனா இதுவும் உதவி பண்ணல.”

“சரி டாக்டர். ஒண்ணு கேக்குறேன். குடிக்கவே இல்ல. அப்புறம் ஏன் பத்து மணிக்கே முட்டுது? போனா ரெண்டு ஸ்பூன்தான் வருது.”

“அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தும். இன்னொண்ணும் சொல்றாங்க. ரத்தக் குழாயை இறுக்குதே, அந்தப் பொருள் பையோட தசையையும் கொஞ்சம் சுருங்க வைக்கலாம்னு. ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. மனுஷங்ககிட்ட அது எந்த அளவுக்குன்னு இன்னும் முழுசா தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல நான் விரும்பல.”

“ராத்திரி?”

“பகல் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கீங்க. நீரெல்லாம் கால்ல தேங்கும். படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்பும். இதயம் விரிஞ்சதும் அதுவும் ஒரு சுரப்பை விடும். போதும், கொஞ்சம் வெளியேத்துன்னு. பகல்ல கதவை மூடுறது ஒருத்தர், ராத்திரி திறக்கிறது இன்னொருத்தர்.”

அவர் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்றை எழுதினார். அது தண்ணீரை வெளியே தள்ளுவதல்ல. குழாய்களை இறுக்கும் உத்தரவைக் குழாய்கள் ஏற்காமல் தடுப்பது. ஆனால் உடல் வறண்டிருந்தால் அந்த மாத்திரையே தீங்கு செய்யக்கூடும். “தண்ணி குடிக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போகணும். ரெண்டும் முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வைப்பறைக்கு எழுதித் தந்துடறேன். முடியும்னா பதினாலு நாள். அதுதான் கடைசி.”

மாத்திரை விழுங்குவது எளிதாக இருந்தது. தண்ணீர் குடிப்பதும் இரண்டு நாளில் பழகிவிட்டது. இறங்குவதுதான் முடியவில்லை. முதல் நாள் காலையில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஏறியவள், பதினொன்றரை மணிக்குமேல் நாற்காலி நுனியில் அமர்ந்து நெம்புகோலைப் பிடித்திருந்தாள். கொக்கி ஒரு சாண் ஆடியது. சைகைக்காரர் கையைப் பக்கவாட்டில் நீட்டி, நிறுத்து என்று காட்டினார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் காட்ட வேண்டியிருந்தது. பதினாறு ஆண்டுகளில் ஒரே நாளில் இரண்டு முறை அவர் அதைக் காட்டியதில்லை.

மூன்று நாள்கள் இப்படியே போயின. நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் தம் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என்ன தங்கச்சி, கொக்கி ஆடுது? மாத்திரை வேலையா?”

அவள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள், மருத்துவர் சொன்னதையும், ஏணியடியில் ஃபோர்மேன் சொன்னதையும். இரண்டாவதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

சைகைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். “அந்த ஃபோர்மேனா? தெரியுமே. நான் அப்ப இதே கூடத்துல எடுபிடியா இருந்தேன். உனக்கு முன்னாடி மேல ஒருத்தர் இருந்தாரே, அவரு ஒரு நாளைக்கு எத்தனை தடவ இறங்குவாரு தெரியுமா?”

“எத்தனை?”

“ஆறு. குறைஞ்சது ஆறு. பீடி குடிக்க.”

“பீடிக்காகவா?”

“மேல பீடி பத்த வைக்கக்கூடாதுல்ல. அதனால இறங்குவாரு. இறங்கினா நாங்களும் ஆளுக்கொரு டீ குடிப்போம்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

“எதுக்குச் சொல்லணும்?”

“ஃபோர்மேன்?”

“அவருதான் தீப்பெட்டி குடுப்பாரு.”

அவள் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள். அதையும் குடித்தாள். பிறகு, “இருபத்திரண்டு வருஷம்,” என்று மட்டும் சொன்னாள்.

“நான் என்ன நினைச்சேன்னா,” என்றார் அவர், “உனக்கு அப்படி ஒரு உடம்புவாகு போலன்னு. ஒட்டகம் மாதிரி.”

“வாய்ல நல்லா வருது அண்ணே.”

மறுநாள் காலையில் நான்கு டன் ரோட்டர் ஒன்றை உள்ளே செலுத்த வேண்டும். மோட்டாருக்கு உரியவர்களின் பொறியாளர் வந்து கைகட்டி நின்றார். இப்போதைய ஃபோர்மேன் அவர் பக்கத்தில் நின்றார். சங்கிலி மாட்டுவதில் தாமதம் ஏற்பட்டுப் பத்து மணி ஆகிவிட்டது. சுமை கொக்கியில் தொங்கும்போது ஓட்டுபவர் அறையை விட்டு நகரக்கூடாது. தூக்கிவிட்டால் முடியும்வரை குறைந்தது ஒரு மணி நேரம். சைகைக்காரர் ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினார்: தூக்கு.

கொக்கி அசையவில்லை. ஹாரன் இரண்டு முறை சுருக்கமாக ஒலித்தது. அந்தப் பட்டறையில் ஓர் ஒலிக்குப் பொருள் உண்டு, நீண்ட ஒலிக்குப் பொருள் உண்டு. இரண்டு குறு ஒலிகளுக்கு அதுவரை எந்தப் பொருளும் இல்லை. நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அறைக் கதவு திறந்தது. மாடிக்காரம்மா ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்தார். “என்னாச்சு? கிரேன்ல ஏதாவது கோளாறா?”

“ஒரு கோளாறும் இல்ல சார். வந்துருவாங்க,” என்றார் சைகைக்காரர்.

“எங்க போறாங்க?”

“நீங்க போற இடத்துக்குத்தான்.”

சுற்றுவேலை செய்பவர்கள் பக்கமிருந்து சிரிப்பு கேட்டது. பெண்களுக்கான கழிப்பறை அலுவலகத்தை ஒட்டி மறுகோடியில் இருந்தது. அவள் நடந்த தொலைவு முழுதும் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. திரும்பி வரும் வழியில் குழாயடியில் நின்று முகம் கழுவினாள். அதற்குள் சங்கிலி மாட்டிய இருவர், அவங்களே போயிட்டாங்க, நமக்கென்ன என்று சொல்லிவிட்டுப் போய்வந்துவிட்டார்கள். விருந்தாளியான பொறியாளரும் சற்றுத் தயங்கி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஃபோர்மேனிடம் விசாரித்தார். ஏணியில் ஏறி அவள் நெம்புகோலைப் பிடித்தபோது மொத்தம் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. ரோட்டர் எங்கும் உரசாமல் உள்ளே போனது. அன்று சைகைக்காரர் ஒருமுறைகூடக் கையைப் பக்கவாட்டில் நீட்டவில்லை.

அதன்பின் நாள்தோறும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. இரண்டாவது வாரத்தில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

பதினான்காம் நாள் செவிலியர் அவளை நாற்காலியில் உட்காரவிடாமல் புட்டியைக் கையில் கொடுத்து நேரே அனுப்பினார்.

“கேட்டதும் வருமா, இல்ல நாங்க காத்திருக்கணுமா?”

“இப்பல்லாம் கடை எப்பவும் திறந்திருக்கு சிஸ்டர்.”

ஐந்து நிமிட அமைதிக்குப்பின் அளந்தார்கள். நூற்று நாற்பத்துநான்கு, தொண்ணூறு. கையை மாற்றி அளந்தார்கள்; இரண்டு குறைவாகக் காட்டியது. மருத்துவர் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. சான்றில் ஓராண்டு என்று அச்சிட்டிருந்ததை அடித்து ஆறு மாதம் என்று எழுதினார்.

“இது குணமாயிருச்சுன்னு அர்த்தமில்ல. இன்னும் இறங்கணும். மாத்திரையை விட்டாலோ தண்ணியை விட்டாலோ அடுத்த தடவ நான் பேனாவைத் திறக்கமாட்டேன்.”

“ராத்திரி இன்னும் ஒரு தடவ எழுந்திருக்கேன் டாக்டர்.”

“மூணு ஒண்ணாச்சே. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் காலைத் தூக்கி வெச்சு அரை மணி நேரம் படுங்க. அந்த ஒண்ணையும் பாக்கலாம்.”

அவள் சான்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினாள். ஃபோர்மேன் அதை வாங்கிப் படித்துவிட்டு, வெளியாளை வரவழைக்க எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப்போட்டார். கருவி வைப்பறையில் இருந்தவர் சன்னல் கம்பி வழியாக, “என்னம்மா, இங்க வர்றீங்கன்னு முக்காலியைத் துடைச்சு வெச்சேனே,” என்றார். “நீங்களே நல்லா உக்காருங்க அண்ணே,” என்று சொல்லிவிட்டு அவள் ஏணிப்பக்கம் போனாள்.

பதினெட்டு டன் ரோட்டரின்மேல் இருந்த தார்ப்பாயை மறுநாள் காலையில் அகற்றினார்கள். எட்டு மணிக்குத் தொடங்கிச் சங்கிலிகளைச் சரிபார்க்கவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் சைகைக்காரர் விரலைச் சுழற்றவில்லை. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அதே கையால் மறுகோடியைச் சுட்டினார். சுவரில் மாட்டியிருந்த சைகைப் பலகையில் இல்லாத சைகை அது. சுற்றியிருந்தவர்கள் அவர் சாராயக்கடைக்குக் கூப்பிடுகிறார் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

மேலிருந்து இரண்டு குறு ஒலிகள் கேட்டன. அவள் இறங்கினாள், போனாள், வந்தாள், ஏறினாள். அவர் விரலைச் சுழற்றினார். சங்கிலிகள் இறுகி, ரோட்டர் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, ஆடாமல் நின்றது. கண்ணாடி அறையில் அவள் காலருகே இப்போது இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்றில் பாதித் தண்ணீர் குறைந்திருந்தது. மற்றொன்று கண்ணாடியைத் துடைப்பதற்கு.